லென்ஸ் நகரும், ஃபிலிமும் நகரும்

டோக்கியோவில் ஹன்ஸோமோன் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அரண்மனை அகழிக்கு மேற்கே, சத்தமில்லாத அலுவலகத் தெரு. ஜப்பான் கேமரா அருங்காட்சியகம் அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பலகையைக் கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். நான் தாண்டிப் போய்த்தான் திரும்பி வந்தேன். நுழைவுக் கட்டணம் 300 யென்.

உள்ளே போனவர்கள் எல்லாரும் நிற்பது 1839ஆம் ஆண்டின் ஷிரூ டகேரோடைப் பெட்டியின் முன்னால். உலகில் விற்பனைக்கு வந்த முதல் கேமரா அது. நானும் மரியாதைக்கு ஒரு நிமிடம் நின்றேன். வந்த காரியம் வேறு. 120 ரோல் போடும் ஜப்பானியக் கேமராக்களைப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் ‘ஒன் ட்வென்டி’ என்று சொன்னார்களே, அதே ரோல்தான். கோடாக் 1901இல் கொண்டுவந்தது. ஆறு சென்டிமீட்டர் அகலம், முதுகில் காகிதம். சதுரமாக எடுத்தால் 12 படம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமை விட நெகட்டிவ் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரிது.

ஒரு பழைய கேமராவில் ஒட்டியிருந்த சின்னத் தங்கநிற வில்லையைப் பார்த்ததும் பெரியப்பா நினைவு வந்தது. அவருடைய யாஷிகாவிலும் அந்த வில்லை உண்டு. நீள்வட்டத்துக்குள் ‘பாஸ்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கேமராவும் நம்மைப் போலப் பரீட்சை எழுதிப் பாஸாகியிருக்கிறது என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டேன். அது பெரிய தப்பில்லை. ‘ஜப்பான் சரக்கு மட்டம்’ என்ற பேரைப் போக்க, ஏற்றுமதியாகும் கேமராக்களைச் சோதிப்பதற்கென்றே 1954இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அது தேர்ச்சி கொடுத்த கேமராவில்தான் அந்த வில்லை ஏறும். இந்த அருங்காட்சியகத்தை 1989இல் திறந்ததும் அதே நிறுவனம்தான்.

இங்கே ஒரே குறை, எதையும் தொட முடியாது. கேமராவைத் திருகிப் பார்க்காமல் அதைப் பற்றி என்ன தெரியும்? மறுபடி ரயில் பிடித்தேன். ஒரே நிறுத்தத்தில் குதான்ஷிதா. அங்கே தோஸாய் தடத்துக்கு மாறினால் நேராக நகானோ. பழைய கேமராக் கடைகளுக்குப் பேர்போன இடம்.

நான் நுழைந்த கடையின் வாசலிலேயே ‘ஜங்க்’ என்று எழுதிய கூடை. ஓடும், ஓடாது என்று எந்த உத்தரவாதமும் இல்லாத கேமராக்கள் அதில் கிடக்கும். உள்ளே கண்ணாடி அலமாரிகளில் ஒவ்வொரு விலைச்சீட்டிலும் குறையைக் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள்: ஃபங்கஸ் இருக்கிறது, லென்ஸ் மங்கல், இங்கே கீறல். விற்கிறவனே குற்றம் எழுதிக் கொடுக்கும் வியாபாரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லாவில் இருந்த பெரியவரிடம், வருஷ வரிசையில் நாலைந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்பளித்துணி விரித்த தட்டை எடுத்து வைத்தார்.

முதலில் வந்தது மாமியா சிக்ஸ். 1940இல் வந்த வடிவமைப்பு. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, துருத்தியோடு லென்ஸ் வெளியே குதித்து நிற்கும். இந்த ரகத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயரே ‘ஸ்பிரிங் கேமரா’. ஃபோகஸ் செய்ய வழக்கப்படி லென்ஸைத் திருகப் போனேன். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு என் கட்டைவிரலைப் பின்பக்கம் நகர்த்தினார். மேல்மூடிக்குக் கீழே பல் வெட்டிய சின்னச் சக்கரம். திருகினேன். லென்ஸ் அசையவில்லை. “பின்னால் பாருங்கள்” என்றார். பின்கதவைத் திறந்துவிட்டுத் திருகியபோது தெரிந்தது: ஃபிலிம் உட்காரும் சட்டம்தான் முன்னும் பின்னும் போகிறது.

மாமியா செய்இச்சி என்பவரின் யோசனை இது. மடக்குக் கேமராவில் லென்ஸ் மெல்லிய கைகளின்மேல் நிற்கிறது. அதை நகரவும் விட்டு, அந்த நகர்வை மேலே இருக்கும், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைக்கவும் வேண்டுமென்றால் வேலை இரட்டிப்பு. லென்ஸை அசையாமல் நிறுத்திவிட்டு ஃபிலிமை நகர்த்தினால் தொல்லை விட்டது. எனக்கு இங்கேயே ஒரு சந்தேகம் தீர்ந்தது. ஜப்பானியர்கள் ஜெர்மன் கேமராவைப் பார்த்துச் செய்தார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பெட்டியின் உருவத்தைப் பொறுத்தவரை உண்மைதான். ஃபோகஸ் எங்கே நடக்கிறது என்று பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

அடுத்து வந்த ரிக்கோஃப்ளெக்ஸ் இதற்கு இன்னொரு சாட்சி. 1950இல் வந்த மூன்றாம் மாடல். ஜெர்மனியின் ரோலைஃப்ளெக்ஸில் பக்கத்துக் குமிழைத் திருகினால் இரண்டு லென்ஸும் பொருத்திய முன்பலகை முழுதும் நகரும். துல்லியமான வேலை, அதற்கேற்ற விலை. ரிக்கோ ஆட்கள் மேல் லென்ஸ், கீழ் லென்ஸ் இரண்டின் விளிம்பிலும் பல் வெட்டி, ஒன்றோடொன்று கோத்துவிட்டார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். கடிகாரத்தின் உள்பாகத்தை வெளியே மாட்டியது போல இருக்கிறது. தகரத்தை அழுத்திச் செய்த உடல். போர் முடிந்து ஐந்தே வருஷமான நாட்டில் சம்பளக்காரர் வாங்கக்கூடிய இரட்டைக் கண் கேமரா இதுதான். இது விற்ற விற்பனையில் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். யாஷிகாஃப்ளெக்ஸ், ஐரெஸ்ஃப்ளெக்ஸ், பியூட்டிஃப்ளெக்ஸ். அந்த நாளில் ‘ஃப்ளெக்ஸ்’ என்று முடியாத பெயர் கிடைத்தால்தான் ஆச்சரியம்.

1955இன் மினோல்டா ஆட்டோகார்டை நானே அலமாரியில் கண்டுபிடித்துக் காட்டினேன். லென்ஸுக்குக் கீழே ஒரு நெம்புகோல். கேமராவை ஏந்திய கையின் விரலாலேயே தள்ளலாம். எனக்கு அதோடு பழைய கணக்கு உண்டு. ஊரில் ஒருவரிடம் வாங்கிய ஆட்டோகார்டில் கிரீஸ் இறுகிப்போயிருந்தது தெரியாமல் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். நெம்புகோல் பட்டென்று முறிந்தது. இந்தக் கேமராவின் பேர்போன நோய் அது. பெரியவரிடம் சைகையில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, துக்கம் விசாரிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

1959இல் வந்த ஸென்ஸா பிரோனிக்கா கடையில் அன்று இல்லை. யோஷினோ ஸென்ஸாபுரோ என்பவர் தம் பேரிலேயே பாதியைக் கொடுத்து, ஸ்வீடனின் ஹாஸல்பிளாடுக்குப் போட்டியாகச் செய்தது. படம் எடுக்கும்போது அதன் உள்கண்ணாடி மேலே எழும்பாமல் கீழே சரியும். இன்னும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கடைசியாக மாமியா ஆர்.பி. 67. பெரியவர் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். என்னிடம் தந்தபின்பும் அடியில் கையைக் கொடுத்துக்கொண்டே நின்றார். லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். இந்தக் கனத்துக்குக் காரணம் சதுரத்தைக் கைவிட்டது. சதுர நெகட்டிவை நீள்சதுரத் தாளில் பிரிண்ட் போட்டால் ஓரம் வீணாகும், அதனால் ஆறுக்கு ஏழு. அதோடு புதுச் சிக்கலும் வந்தது. சதுரத்துக்கு நெட்டு, கிடை கிடையாது, இதற்கு உண்டு. இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் கேமராவை நெட்டுப் படத்துக்காகச் சாய்த்தால் எங்கே போய்ப் பார்ப்பது? 1969இல் பென்டாக்ஸ் சாதாரண 35 மில்லிமீட்டர் கேமராவையே ஊதிப் பெருக்கினதுபோல ஒன்றைச் செய்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னது. மாமியா 1970இல், கேமரா இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஃபிலிம் பெட்டி மட்டும் திரும்பட்டும் என்றது. ஆர்.பி. என்றால் சுழலும் முதுகு. திருப்பிப் பார்த்தேன். வங்கி லாக்கர் கதவுபோலக் கனமாகச் சுழன்று ‘டக்’கென்று நின்றது. இதில் ஃபோகஸே துருத்தியில்தான். துருத்தி நீள நீள வெளிச்சம் குறையும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற கோட்டுப்படத்தைக் கேமராவின் விலாவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். கணக்கு தெரியாதவனும் தப்பிக்கலாம்.

துருத்தி லேசில் போகவில்லை. ஃபிலிம் செத்துவிட்டது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த 2009இல் ஃபியூஜி புதிதாகக் கொண்டுவந்த ஜி.எஃப். 670ஐத் திறந்தால், அதே மாதிரி மடங்கும் துருத்திதான்.

நான் வாங்கியது மாமியா சிக்ஸ். பணத்தை எடுக்குமுன் பெரியவர் பின்கதவை மறுபடி திறந்து, ஒரு தகட்டை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். ஃபிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு. ஃபிலிமோடு சேர்ந்து இதுவும் நகர வேண்டும் என்பதால் மற்றக் கேமராக்களைப் போலக் கதவில் பொருத்த முடியாது. பல மாடல்களில் தனியாகக் கழன்று வரும், தொலைந்தும் போகும். மாமியா சிக்ஸ் எங்காவது மலிவாகக் கிடைத்தால் லென்ஸைப் பார்ப்பதற்கு முன்பு பின்கதவைத் திறந்து பாருங்கள். தகடு இல்லையென்றால் வாங்காதீர்கள்.