தீவின் அளவும் நம் திட்டமும்

நுழையும்முன்

பயணம் வண்டி ஏறும் நாளில் தொடங்குவதில்லை. செல்லவிருக்கும் இடத்தைப் பற்றி முதல் கேள்வியைக் கேட்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பெருநிலத்தில் திட்டம் பிழைத்தால் அடுத்த பேருந்தும் அடுத்த விடுதியும் கிடைக்கும். நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவிலோ கப்பலின் படுக்கை முதல் குடிநீர் வரை எல்லாமே எண்ணிக்கைக்கு உட்பட்டவை. சுற்றுலா நிறுவனத்தின் துணையின்றி, நடுத்தர வருவாயைக் கொண்டு இலட்சத்தீவுக்குச் செல்லத் திட்டமிட்ட ஒரு குடும்பத்தின் அனுபவம் இங்குக் கட்டுரையாகிறது.

முதல் திட்டம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் அக்குடும்பம் வாழ்கிறது. தந்தை பள்ளி ஆசிரியர். தாய் தையற்கடை நடத்துகிறார். மகள் பதினோராம் வகுப்பு மாணவி. எழுபது வயதைக் கடந்த அப்பத்தாவே வீட்டின் மூத்தவர். மாதந்தோறும் ஒதுக்கிவைத்த பணம் இரண்டு ஆண்டுகளில் எண்பதாயிரம் ரூபாய் ஆனது. அதைக் கொண்டு நால்வரும் ஒருமுறை இலட்சத்தீவைக் கண்டுவர வேண்டும் என்பது வீட்டில் எடுத்த முடிவு.

திட்டம் வகுக்கும் பொறுப்பை மகள் ஏற்றாள். அரபிக் கடலில், கேரளக் கரையிலிருந்து 220 கிலோமீட்டர் முதல் 440 கிலோமீட்டர் வரையிலான தொலைவில் சிதறிக் கிடக்கும் 36 தீவுகளின் தொகுதி இலட்சத்தீவு. அவற்றுள் மக்கள் வாழ்பவை பத்து. அனைத்துத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டரே வரும். இவற்றையெல்லாம் ஒரே இரவில் படித்தறிந்த மகள், மறுநாள் காலையில் ஒரு தாளை நீட்டினாள். ஐந்து நாள்களில் மூன்று தீவுகள்: கல்பேனி, மினிக்காய், கவரத்தி. மினிக்காய் என்னும் பெயரின்கீழ் அவள் இருமுறை கோடிட்டிருந்தாள். 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து தீவு முழுவதையும் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை.

அழகான திட்டம்தான். ஆனால் அது ஒரு விருப்பப் பட்டியலாக இருந்ததேயன்றி, தீவைக் கேட்டு எழுதப்பட்டதாக இல்லை.

அனுமதியும் கப்பலும்

தந்தை முதலில் கப்பல் சீட்டை வாங்க முனைந்தார். அப்போதுதான் வரிசை மாறியிருப்பது தெரிந்தது. இலட்சத்தீவுக்குள் நுழைய இந்தியக் குடிமக்களும் முன் அனுமதி பெற வேண்டும். 1967ஆம் ஆண்டின் விதிகள் இதனை வரையறுக்கின்றன. தீவு மக்களுள் பெரும்பாலோர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றவர்கள். அவர்களுடைய சிறு நிலத்தையும் வாழ்க்கை முறையையும் காப்பதே இவ்விதிகளின் நோக்கம். விண்ணப்பத்துடன் அடையாளச் சான்றும், காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும், தீவில் தங்க இடம் தருபவரின் விவரமும் தேவைப்பட்டன. எந்தத் தீவுக்குச் செல்கிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டியிருந்தது. எனவே தங்குமிடம் முதலாவது, அனுமதி இரண்டாவது, கப்பல் மூன்றாவது, தொடர்வண்டி நான்காவது என்று வரிசை திருத்தப்பட்டது.

அடுத்து நாள் குறிக்க வேண்டும். ஆசிரியருக்கு விடுமுறை மே மாதத்தில்தான். தென்மேற்குப் பருவமழையோ வழக்கமாக ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையை அடைகிறது. அதற்கு முன்னரே கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே மே மாதத்தின் முதல் பத்து நாள்களே அவர்களுக்கு வாய்த்த காலம்.

கொச்சியிலிருந்து புறப்படும் கப்பல், சேரும் தீவைப் பொறுத்து, பதினான்கு மணி நேரம் முதல் இருபது மணி நேரம் வரை செல்லும். இருவர் அறை, நால்வர் அறை, பொதுப் படுக்கைக் கூடம் என அதில் மூன்று வகுப்புகள் உண்டு. பெருநிலத்தின் மருத்துவமனைக்கு வரும் நோயாளியும், கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் மாணவரும், அரிசியும் காய்கறியும் வாங்கிச் செல்லும் வணிகரும் செல்வது இக்கப்பல்களில்தான். பொழுதுபோக்குக்காகச் செல்பவர் பெறும் ஒவ்வொரு படுக்கையும் ஒரு தீவினரின் தேவைக்கு அருகிலேயே இருக்கிறது. இதனை உணர்ந்த தாய், "கிடைக்கும் நாளில் போவோம், நமக்கு வசதியான நாள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்" என்றார்.

கணக்கேடு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கடலைக் கடக்கும் செலவையும் அவ்வாறே அளக்க வேண்டியிருந்தது. எண்பதாயிரத்தைத் தாய் ஐந்து பங்காகப் பிரித்தார். இரண்டு பங்கு தொடர்வண்டிக்கும் கப்பலுக்கும்; இரண்டு பங்கு தங்குவதற்கும் உணவுக்கும்; எஞ்சிய ஒரு பங்கு எவரும் தொடக்கூடாத கையிருப்பு. கொச்சியிலிருந்து அகத்தித் தீவுக்கு வானூர்தியும் உண்டு. ஆனால் நால்வரும் அதில் சென்று திரும்பினால் சேமிப்பின் பெரும்பகுதி கட்டணத்திலேயே கரைந்துவிடும். அகத்தியிலிருந்து மற்ற தீவுகளுக்குச் செல்ல மீண்டும் கடலில்தான் இறங்க வேண்டும்.

தந்தை செய்த ஒரு பிழையும் இக்கணக்கில் வெளிப்பட்டது. கப்பல் கொச்சியை அடையும் நாளின் மாலையிலேயே ஊர் திரும்பும் தொடர்வண்டிக்கு அவர் முன்பதிவு செய்திருந்தார். தங்க இடம் தர இசைந்த தீவுக்காரர் தொலைபேசியில் அதைக் கேட்டதும், "கடலுக்கு நாள்காட்டி கிடையாது, சார். ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள்" என்றார். முன்பதிவு நீக்கப்பட்டது, அதனால் சிறு தொகை கழிந்தது. திட்டத்தாளில் ஒரு நாள் எதுவும் எழுதப்படாமல் வெறுமையாக விடப்பட்டது.

அப்பத்தாவின் முழங்கால்

அனைத்தையும்விடக் கடினமான கேள்வி கடைசியாக எழுந்தது. கப்பல் கரையை அணைய இயலாத இடங்களில், பயணிகள் நடுக்கடலில் சிறு படகுகளுக்கு மாற வேண்டும். அலை மேலெழும் நொடி பார்த்துக் கால் வைக்க வேண்டும். மூன்று தீவுகள் என்றால் ஏறவும் இறங்கவுமாக ஆறு முறை. ஒரே தீவு என்றால் இரண்டே முறை. அப்பத்தாவுக்கோ முழங்கால் வலி. சிறு தீவில் அடிபட்டால் பெரிய சிகிச்சைக்குக் கடல் கடந்துதான் வர வேண்டும்.

பேச்சு நீண்ட இரவில் அப்பத்தாவே முடிவைச் சொன்னார். "நான் இங்கேயே இருக்கிறேன். பிள்ளை ஆசைப்பட்ட விளக்குக் கோபுரத்தைப் பார்த்துவரட்டும். கடல் எனக்குப் புதிதா என்ன?"

எவரும் மறுமொழி கூறவில்லை. மகள் தாளை எடுத்துத் தன் அறைக்குச் சென்றாள்.

நீரின் கணக்கு

அன்றிரவு அவள் படித்தது கலங்கரை விளக்கத்தைப் பற்றியன்று, குடிநீரைப் பற்றி. பவள மணலால் ஆன அத்தீவுகளில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும்.

இந்நெருக்கடிக்குத் துணையாக வந்தது சென்னையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் நிலையத்தை அது 2005ஆம் ஆண்டு கவரத்தியில் அமைத்தது. தொடக்கத்தில் அதன் திறன் நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கவரத்தியில் வாழ்ந்தோர் 11,221 பேர். மகள் வகுத்துப் பார்த்தாள். ஒருவருக்கு ஒன்பது லிட்டர்கூட வரவில்லை. தன் வீட்டில் காலையில் தான் ஒருத்தி குளிப்பதற்கே அதைவிட மிகுதியாகச் செலவாவது அவள் நினைவுக்கு வந்தது.

காலையில் அப்பத்தாவிடம் அதைக் கூறினாள். அப்பத்தா வியப்படையவில்லை. "நம் கடற்கரையிலும் அப்படித்தானே, தாயி! மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று நல்ல தண்ணீராகச் சுரக்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. கொட்டாங்கச்சியால் மொண்டு, ஊறும்வரை காத்திருந்து, அடுத்த குடத்தை நிரப்புவோம்" என்றார்.

முருகைக்கல் சுவர்

பின்னர் அவர் எழுந்து, பழைய வீட்டின் பின்புறச் சுவரைக் காட்டினார். பூச்சு உதிர்ந்த இடத்தில் தேன்கூடு போன்ற துளைகளுடன் வெண்கற்கள் தெரிந்தன. அவை கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைத் துண்டுகள். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் அக்காலத்தில் தோணி தோணியாக அவை வந்திறங்கியதை அப்பத்தா நேரில் கண்டவர். பவளப்பாறை அலையைத் தடுக்கும் அரண். அவ்வரண் சிதைந்ததை முதன்மைக் காரணமாகக் கொண்டு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கின.

"கேட்காமல் எடுத்தோம், கடல் கேட்காமல் எடுத்துக்கொண்டது" என்றார் அப்பத்தா.

இலட்சத்தீவுகள் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உடையவை. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறை வளையம்தான் பேரலைகளைத் தாங்குகிறது. கடல் வெப்பமுற்ற 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் அப்பவளங்கள் வெளிறிப் பெரிதும் அழிந்தன. பாறை போல் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. நீந்துபவர் ஒருவரின் கால் பட்டு உடையும் துண்டு, பல ஆண்டுகளின் உழைப்பு. நம் நாட்டில் பாறைப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படுவதற்கு இதுவே காரணம். கரையில் கிடக்கும் துண்டையும் நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது.

இறுதித் திட்டம்

அன்று மாலை மகள் புதிய தாளை எடுத்தாள். மூன்று தீவுகளின் பெயர்களை எழுதி, கல்பேனியை அடித்தாள். மினிக்காயின்மேல் சற்று நேரம் எழுதுகோலை நிறுத்தி, பின் அதனையும் அடித்தாள். கவரத்தி மட்டும் எஞ்சியது. அங்கு மருத்துவமனை உண்டு. படகு மாற வேண்டியிருந்தாலும் இரண்டே முறைதான். ஐந்து நாள்களும் ஒரே வீட்டில் தங்குவதால் செலவும் குறையும். அடிக்கடி அலையும் களைப்பின்றி, பாறை வளையத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட அமைதியான நீர்ப்பரப்பைக் காலையிலும் மாலையிலும் கண்டிருக்கலாம்.

"கோபுரம்?" என்றார் அப்பத்தா.

"அது 1885இலிருந்து அங்கேயே நிற்கிறது, அப்பத்தா. எனக்காக இன்னும் சில ஆண்டுகள் நிற்கும். நீங்கள் வராமல் நான் போனால் அந்தக் கிணற்றடியில் எனக்கு யார் விளக்கிச் சொல்வது?"

மருத்துவரைக் கண்டு, கடற்பயணத்துக்குத் தடையில்லை என்னும் ஒப்புதலையும் மருந்துச் சீட்டையும் பெற்றனர். தாளின் பின்பக்கத்தில் மகள் சில வரிகளை எழுதினாள்: வாளியில் நீர் பிடித்தே குளிப்பது, பவளத்தை மிதிப்பதில்லை, கேட்டபின்னரே ஒருவரைப் படம் எடுப்பது, தீவில் கிடைக்கும் சூரை மீனையும் தேங்காயையும் உண்பது, கொண்டுசெல்லும் நெகிழி அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவது.

அனுமதி வந்தது. மே மாதத் தொடக்கத்தில் நால்வர் அறை ஒன்று கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மூன்று பைகள் நிரம்பின. நான்காவது பையை அப்பத்தா மடித்துத் தம் பெட்டியின்மேல் வைத்தார். அது எதற்கு என்று தந்தை வினவினார்.

"நம் குப்பைக்கு" என்றார் அப்பத்தா.

மூன்று தீவுகளைக் காண எழுதப்பட்ட திட்டம் ஒரு தீவில் வந்து நின்றது. குறைந்தது தீவுகளின் எண்ணிக்கை மட்டுமே. செல்லுமிடம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேட்டு, அதற்குள் தம் ஆசையைப் பொருத்திக்கொண்டவர்கள், அத்தீவில் கால் வைக்கும் முன்பே அதனை அறியத் தொடங்கிவிட்டார்கள்.

தெரிந்து தெளிவோம்

இலட்சத்தீவுகள் 1956 நவம்பர் 1 அன்று ஒன்றியப் பகுதியாயின. அதற்கு முன்னர் அவை சென்னை மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களோடு இணைந்திருந்தன. கவரத்தி 1964ஆம் ஆண்டில் தலைநகராயிற்று. இலட்சத்தீவு என்னும் பெயர் 1973ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. மற்றத் தீவுகளில் மலையாளத்தின் வட்டார வழக்கு பேசப்பட, மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல் பேசப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு நாளில் பயன்படுத்தும் நீரை அளந்து, கவரத்தியின் அளவோடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

2. நீங்கள் செல்ல விரும்பும் ஊர் ஒன்றைத் தேர்ந்து, அவ்வூரின் நீர், போக்குவரத்து, மருத்துவ வசதி ஆகியவற்றைக் கருத்தில்கொண்டு மூன்று நாள் பயணத் திட்டம் ஒன்றை உருவாக்குக.

3. 'கேட்காமல் எடுத்தோம், கடல் கேட்காமல் எடுத்துக்கொண்டது' என்னும் கூற்றை உங்கள் ஊரின் இயற்கைச் சூழலோடு பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.