பறக்கும் டாக்டர் ஜெகதீசன்

பேராக், கோலகங்சாரில் 1943இல் பிறந்தவர் மணி ஜெகதீசன். 16 வயதிலேயே ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். மருத்துவம் படித்துக்கொண்டே இந்த வேகத்தைக் காத்தது, பதக்கங்களைவிட வியப்புக்குரியது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வென்று ஆசியாவின் வேக மனிதர் ஆனார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவ்வாண்டுதான் தொடங்கியது. முதல் விருது அவருக்கே.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் கடந்து அரையிறுதி வரை சென்றார். அந்தத் தேசியச் சாதனையை 49 ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. 2017இல் இளம் ஓட்டக்காரர் கைருல் ஹஃபிஸ் 20.90 விநாடியில் ஓடி அதை முறியடித்தார். ஓட்டத்தை விட்டபின் ஜெகதீசன் நோயியல் மருத்துவராகி, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.