சின்னத்திரையில் நாங்கள் கண்ட ஷெர்லாக்

துப்பறியும் கதையின் முடிவைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதைத் திரையில் பார்ப்பது உப்பில்லாத பண்டத்தை உண்பது போல என்பார்கள். விடுதியில் தங்கிப் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்! ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ என்னும் நாவலை மாலை ஓய்வு நேரங்களில் ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டு முடித்தோம். கொலை செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆங்கில ஆசிரியையின் தயவால், அதே கதையை இக்காலத்திற்கு மாற்றி எடுத்த ‘ஷெர்லாக்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியை ஒரு சனிக்கிழமை மாலை கண்டோம். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

மூல நாவலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆர்தர் கோனன் டாயில் இங்கிலாந்தில் சவுத்சீ என்னுமிடத்தில் மருத்துவராக இருந்தபோது எழுதியது இது. 1887ஆம் ஆண்டு ‘பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்’ என்ற ஆண்டு மலரில் வெளிவந்தது. உரிமை முழுவதற்கும் அவர் பெற்ற தொகை 25 பவுன். அவ்வளவுதான்! (டாயில் பள்ளிப் படிப்பை இயேசு சபையாரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தவர் என்பதை எங்கள் அருட்சகோதரியர்க்காக இங்கே குறிப்பிடுகிறோம்.) ஹோம்ஸ் கதைகள் பின்னர் நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளுமாகப் பெருகின.

தொடரோ 2010 ஜூலை 25 அன்று பி.பி.சி.யில் தொடங்கியது. ஸ்டீவன் மொஃபட், மார்க் கேட்டிஸ் என்னும் இரு எழுத்தாளர்கள், வேறொரு தொடருக்காகக் கார்டிஃப் நகருக்கு இரயிலில் போய் வந்த நாட்களில் பேசிப் பேசி உருவாக்கிய எண்ணம் இது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஹோம்ஸாகவும், மார்ட்டின் ஃப்ரீமன் வாட்சனாகவும் நடித்தனர். முதல் பகுதிக்கு ‘எ ஸ்டடி இன் பிங்க்’ என்று பெயர். செந்நிறம் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது.

படம் தொடங்குமுன் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். குதிரை வண்டியும் மூடுபனியும் இல்லாமல் ஹோம்ஸா? கையில் கைப்பேசி வைத்திருப்பவர் துப்பறிவதில் என்ன பெருமை, எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுமே! ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இதை எடுத்தவர்கள் டாயிலின் நூல்களை வரிக்கு வரி படித்தவர்கள். தந்தி இருந்த இடத்தில் குறுஞ்செய்தி வந்தது. ‘செந்தலையர் சங்கம்’ கதையில் ஹோம்ஸ் ஒரு சிக்கலைத் தீர்க்க மூன்று முறை புகைக்குழாய் பிடிக்க வேண்டும் என்பார். இங்கே அவர் கையில் மூன்று நிக்கோடின் பட்டைகளை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பது 2007 முதல் இங்கிலாந்தில் தடை செய்யப்பட்டதல்லவா?

ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றவே வேண்டியிருக்கவில்லை. 1880இல் ஆப்கானிஸ்தானத்து மைவாந்த் போரில் காயமுற்று இலண்டன் திரும்பினார் பழைய வாட்சன். புதிய வாட்சனும் ஆப்கானிஸ்தானத்துப் போரிலிருந்தே காயத்தோடு திரும்புகிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே நாடு, அதே போர்க்காயம். இந்த இடத்தில் எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் காயத்திலேயே ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் நாவலில் குண்டு வாட்சனின் தோளில் பாய்ந்தது என்று எழுதிய டாயில், 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் அதைக் காலுக்குக் கொண்டுபோய்விட்டார்! தொடரை எடுத்தவர்கள் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக் கொண்டார்கள். காயம் என்னவோ தோளில்தான். ஆனால் மன வேதனையால் கால் நொண்டுகிறது. ஒரு வாடகைக் காரைத் துரத்தி இலண்டன் சந்துகளிலும் கூரைகளிலும் ஹோம்ஸோடு ஓடும்போது, ஊன்றுகோலை உணவகத்திலேயே மறந்து வந்துவிட்டார் வாட்சன்! அறை முழுவதும் கைதட்டல்.

அதே இரண்டாம் நாவலில் வாட்சனின் கடிகாரத்தைப் பார்த்து, சாவித் துளையைச் சுற்றியுள்ள கீறல்களைக் கொண்டு அவருடைய தமையன் குடிகாரர் என்று ஹோம்ஸ் சொல்வார். தொடரில் அது கைப்பேசி. மின்னேற்றும் துளையைச் சுற்றிக் கீறல்கள். பின்புறம் ‘ஹாரி’ என்ற பெயர். எனவே குடிகார அண்ணன் என்று மளமளவென்று அடுக்குகிறார் ஷெர்லாக். ஆனால் ஹாரி என்பது ஹாரியட், வாட்சனின் சகோதரி! குடிப்பழக்கத்தைக் கண்டுபிடித்த பெரிய மூளைக்கு அது ஒரு பெண்ணாக இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை பாருங்கள். பெண்கள் பள்ளியில் இதற்கு எழுந்த ஆரவாரத்தைச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாவற்றிலும் எங்களை மகிழ வைத்தது அந்த ஐந்து எழுத்துகள்தாம். நாவலில் பிணம் கிடந்த அறையின் சுவரில் இரத்தத்தால் ‘ராஹே’ என்று எழுதியிருக்கும். ‘ரேச்சல்’ என்ற பெண் பெயரை எழுத வந்து முடிக்காமல் விட்டது என்பார் காவல் துறை அதிகாரி லெஸ்டிரேட். இல்லை, அது பழிவாங்கல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் என்பார் ஹோம்ஸ். தொடரில், இறந்து கிடக்கும் பெண் தன் நகத்தால் அதே எழுத்துகளைத் தரையில் கீறியிருக்கிறாள். எங்களுள் ஒரு முந்திரிக்கொட்டை, கதை தெரியாத தோழிகளிடம், “ஜெர்மன் சொல், பழிவாங்கல்!” என்று பெருமையாக முணுமுணுத்தாள். அதே நொடியில் திரையில் ஒரு தடயவியல் அலுவலர் அதையே சொல்ல, ஷெர்லாக் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார்! அது ரேச்சல்தான். பிறக்கும்போதே இறந்துபோன அவளுடைய மகளின் பெயர். சாகும் தறுவாயில் ஏன் அந்தப் பெயர்? கொலைகாரனின் வண்டியில் அவள் தன் கைப்பேசியை வேண்டுமென்றே விட்டு வந்திருக்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கடவுச்சொல் அந்தக் குழந்தையின் பெயர். நாவலைப் படித்தவர்களை ஏமாற்றுவதற்கென்றே வைத்த பொறி இது. படிக்காதவர்களுக்கு இந்தச் சுவை கிட்டாது!

நாவலிலும் தொடரிலும் கொலையாளி வாடகை வண்டி ஓட்டுநரே. வண்டியைத் துரத்திப் பிடித்த ஷெர்லாக்கும் பின்னால் அமர்ந்திருந்த பயணியைத்தான் ஆராய்கிறார். ஓட்டுநரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த இடத்தில் பழைய ஹோம்ஸுக்கே எங்கள் வாக்கு. சாலையில் குதிரை தன் போக்கில் அலைந்த தடத்தைப் பார்த்ததுமே, வண்டிக்காரன் வண்டியில் இல்லை, வீட்டினுள்தான் இருந்திருக்கிறான் என்று அவர் ஊகித்துவிட்டாரே! மோட்டார் வண்டி அப்படி அலையாது. பாவம், புதியவருக்கு அந்தத் துப்பு இல்லை.

இரு கதைகளிலும் இரண்டு மாத்திரைகள் உண்டு. ஒன்று நஞ்சு, மற்றொன்று தீங்கற்றது. நாவலின் ஜெஃபர்சன் ஹோப், அமெரிக்காவில் தன் காதலியையும் அவளுடைய தந்தையையும் பறிகொடுத்தவன். பகைவனை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, மற்றதைத் தான் விழுங்கி, தீர்ப்பை இறைவனிடம் விடுவதாக எண்ணுகிறான். தொடரின் ஓட்டுநருக்கோ அப்படிப்பட்ட துயரம் ஏதுமில்லை. நோயால் எந்நேரமும் சாகக்கூடியவன். ஒவ்வொரு கொலைக்கும் மறைவில் ஒருவர் தரும் பணம் அவன் பிள்ளைகளுக்குப் போகிறது. ஹோப்பின் கதைக்கு நாவலில் கண்ணீர் விட்ட எங்களுக்கு இவன்மேல் அவ்வளவு இரக்கம் பிறக்கவில்லை. அமெரிக்கப் பகுதி முழுவதையும் வெட்டியதன் விலை இது என்று எங்கள் கருத்து.

ஆனால் அடுத்து வந்த காட்சி எங்களை உலுக்கிவிட்டது. ஓட்டுநர் நீட்டும் துப்பாக்கி வெறும் சிகரெட் பற்றவைக்கும் கருவி என்று ஷெர்லாக்கிற்குத் தெரியும். கதவைத் திறந்து போய்விடலாம். போகத்தான் எழுகிறார். “சரியான மாத்திரை எதுவென்று கண்டுபிடித்தாயா?” என்ற பொருளில் ஒரு கேள்வி. திரும்பி வந்துவிடுகிறார்! யாரையும் காப்பாற்ற அல்ல, தன் விடை சரியா என்று பார்க்க மட்டுமே அந்த மாத்திரையை வாயருகே கொண்டு போகிறார். எதிர்க் கட்டடத்திலிருந்து வாட்சன் சுட்ட குண்டு ஓட்டுநர்மேல் பாய்கிறது. சுட்டவர் யார் என்று பிறகு ஊகித்துவிட்ட ஷெர்லாக், லெஸ்டிரேட்டிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்.

நாவலில் யாரும் ஹோப்பைக் கொல்வதில்லை. நீதிமன்றத்துக்குப் போகுமுன் சிறையில் இரத்தக்குழாய் வெடித்து இறக்கிறான். எனவே அன்றிரவு உணவறையில் பெரும் வழக்கு. நண்பனைக் காக்கச் சுட்டது குற்றமா என்று ஒரு கட்சி. நண்பன் தானே தேடிப்போன ஆபத்துக்கு இன்னோர் உயிர் விலையா என்று மறு கட்சி. “மாத்திரையைக் கையிலிருந்து தட்டிவிட அங்கே ஒருவரும் இல்லையே, வாட்சன் வேறென்ன செய்வார்?” என்றாள் ஒருத்தி. விடுதித் தலைவி அருட்சகோதரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த ஓட்டுநரின் பிள்ளைகளுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?” என்று மட்டும் கேட்டார். தொடரில் அதற்கு விடை இல்லை. விளக்கணைக்கும் மணி அடிக்கும்வரை எங்களிடமும் இல்லை.

இப்போது நூலகத்தில் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ நாவலுக்கு வரிசை நிற்கிறது. 2012இல் வந்த இரண்டாம் தொடரில் அந்தக் கதையும் உண்டாம். நாவலின் தலைப்பில் ஒரே ஒரு வேட்டை நாய். தொடரின் தலைப்பிலோ பன்மை! ஒரு நாய் எப்படிப் பல நாய்களாயிற்று என்று இப்போதே இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். அடுத்த விடுமுறைக்குள் படித்து முடித்தால் ஆசிரியை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.