ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுதல்

விருத்தாசலத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ வெறும் பழமொழியன்று. சுந்தரர் பொன்னை இட்ட ஆறு எங்கள் மணிமுத்தாறு. தேடி எடுத்த குளம் திருவாரூர்க் கமலாலயம். அவருக்குப் பொன் கிடைத்ததாகப் புராணம் சொல்கிறது. நாங்கள் பின்தொடரும் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளரோ, கையிலிருக்கும் வேகத்தை ஆற்றில் போட்டுவிட்டுப் பல ஆண்டுகளாகப் புள்ளிகளைக் குளத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்.

கல்லூரியின் பெயரும் அவர் பெயரும் இங்கு வேண்டாம். நாங்கள் நால்வர். மூவருக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை, ஒருவருக்கு ரயில்வேயில். புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்ளத் தொடங்கிய பழக்கம், மாலையில் மைதானத்துச் சுவரோரம் நின்று ஆட்டம் பார்ப்பதில் வந்து நின்றது. எங்களில் எவரும் கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவரில்லை. ஆடாதவனுக்குத்தான் யோசனை அதிகம் வரும் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அவருடைய வியூகம் எளிது. தடுப்பாட்டத்தில் முன்னே இருவர், வளையத்தின் அடியில் மூவர். எந்த அணி வந்தாலும் இதே ‘ஸோன்’தான். பந்து கிடைத்தால் ஓடக்கூடாது. நடந்து போய், கைமாற்றிக் கைமாற்றி, உயரமான பையன் ஒருவனிடம் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் பட்டியலில் இருந்தாலும் ஆடுவது ஐவர், மிஞ்சிப்போனால் ஆறாவதாக ஒருவன். எதிரணிக்காரன் வெளியிலிருந்து எறியட்டும், விழாது என்பது அவர் கணக்கு. மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளப்பட்ட 2010இல் அந்தக் கணக்கு ஓரளவு செல்லுபடியாகியிருக்கலாம். இன்று கைபேசியில் காணொளி பார்த்து வளர்ந்த பையன்கள் அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். மூன்றாம் கால்பகுதியில் நம் ஐவருக்கும் மூச்சு வாங்குகிறது. நான்காம் கால்பகுதியை நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே கழிக்கிறோம்.

பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தோல்வியைத் தள்ளிப்போடும் ஆட்டம் புதிதன்று. 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்ன் அணி மினியாபொலிஸ் அணியை 19க்கு 18 என்று வென்றது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு முழு ஆட்டத்தில் சேர்த்த மொத்தப் புள்ளிகள் முப்பத்தேழு! 1954இல் 24 விநாடிக் கடிகாரம் வந்தது அந்தச் சலிப்பிலிருந்துதான். சர்வதேச விதிகளில் அதுவரை முப்பதாக இருந்த விநாடிகளும் 2000இல் இருபத்துநான்காகின. எங்கள் மைதானத்தில் அந்தக் கடிகாரம் இல்லை. நடுவரின் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிரான பைத்தியமும் உண்டு. அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்றொரு சிறு கல்லூரி. அதன் பயிற்சியாளர் டேவிட் ஆர்செனோ, ஐவரை மொத்தமாக வெளியே எடுத்து வேறு ஐவரை இறக்குவார், நிமிடத்துக்கு ஒருமுறைகூட. எல்லோரும் ஓடுவார்கள், எல்லோரும் எறிவார்கள். 2012இல் அங்கே ஒரு மாணவன் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளிகள் எடுத்தான். அதைச் சர்க்கஸ் என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அங்கே யாரும் நான்கு வருடம் பெஞ்சைத் தேய்க்கவில்லை.

எங்கள் வருத்தம் அந்தப் பெஞ்சைப் பற்றியதுதான். தோல்வி பழகிவிட்டது.

ஒரு பையன் இருந்தான். அப்பா சூளையில் வேலை செய்பவர். குள்ளம், ஆனால் கால்களில் காற்று. பயிற்சியில் அவன் பந்தோடு திரும்பும்போது எங்கள் ரயில்வே நண்பர் சுவரைத் தட்டுவார். மூன்று ஆண்டுகள் மண்டலப் போட்டிகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். தண்ணீர் கொடுத்தான், துண்டு கொடுத்தான், ஆடவில்லை. கடைசி ஆண்டின் கடைசி ஆட்டத்தில் ஐந்து ஃபவுலோடு இருவர் வெளியேற, வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து அவன் கைக்கு வந்தது. முன்னால் ஆளே இல்லை. சுட்டுவிட்டதைப் போல அவன் அதைப் பக்கத்திலிருந்தவனிடம் தள்ளிவிட்டான். அதை எதிரணி பறித்துக்கொண்டு போனது.

“பாத்தீங்களா, இதுக்குத்தான் இவன எறக்கல” என்றார் பயிற்சியாளர், எங்கள் பக்கம் திரும்பி.

எங்களில் அச்சுப் பிரிவில் இருப்பவர் அதிகம் பேசாதவர். திரும்பும் வழியில், ரயில்வே கேட்டருகே நின்று சொன்னார்: “பச்ச மண்ண அலமாரியில எத்தன வருசம் வச்சிருந்தாலும் தண்ணி பட்டா கரஞ்சிதான் போவும். சூளைக்குள்ள வைக்காம, கரையுதேன்னு மண்ண திட்டுறாரு.”

மறுவாரம் அவரைப் பார்க்கப் போனோம். கோபத்தோடு போனவர்கள் பாதிக் கோபத்தோடு திரும்பினோம் என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கபடி முதல் தடகளம் வரை அத்தனைக்கும் அவர் ஒருவரே. பாதிப் பேர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கே ஓடிவிடுகிறார்கள். “ஸோன ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துரலாம் சார். ஓடுற ஆட்டத்துக்கு ஒரு வருசம் வேணும். முப்பது புள்ளியில தோத்தா அடுத்த வருசம் அணியே இருக்காது” என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் கடைசி ஐந்து நிமிடமாவது பெஞ்சுப் பையன்களை இறக்கக்கூடாதா என்று கேட்டோம். பார்க்கலாம் என்றார். இந்த ஆண்டும் ஐவர்தான் ஆடுகிறார்கள்.

அந்தப் பையன் இப்போது எங்கள் பேட்டையிலேயே ஃபியூஸ் கேரியர்களுக்குக் கிளேஸ் முக்கும் வேலையில் இருக்கிறான். ஆட்டம் இருக்கும் நாட்களில் வெண்பூச்சுக் காயாத கையோடு வந்து சுவரோரம் எங்களுடன் நிற்கிறான். நாங்கள் பயிற்சியாளரைத் திட்டும்போது சேர்ந்துகொள்வதில்லை. சென்ற மாதம் மட்டும், எதிரணி வெளியிலிருந்து நான்காவது மூன்று புள்ளியைப் போட்டபோது, மெதுவாகச் சொன்னான்:

“அன்னைக்கு நான் போட்டிருக்கணும்ணே. வளையம் நல்லாத் தெரிஞ்சுது.”