ஒரு மாவட்டம், நாலு எம்.பி.!

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் யாரையாவது பார்த்தால், 'உங்க எம்.பி. யாருங்க?' என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. 'மாவட்டத்துல எந்தப் பக்கத்தைக் கேக்கறீங்க?' என்று எதிர்க்கேள்விதான் வரும்.

அவர் மேல் தப்பில்லை. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில். அறந்தாங்கி, ராமநாதபுரத்தில். விராலிமலை, கரூரில்! 2024 தேர்தலில் இந்த ஒரே மாவட்டத்து ஜனங்கள் ஓட்டுப் போட்ட தொகுதிகளில் துரை வைகோ, கார்த்தி சிதம்பரம், நவாஸ்கனி, ஜோதிமணி என்று நான்கு பேர் ஜெயித்தார்கள்.

'ஒருத்தருக்கு நாலு பேர், நல்லதுதானே?' என்பீர்கள். பங்காளிகளின் பொதுக் கிணறு கதை தெரியும் இல்லையா? தண்ணி இறைக்க எல்லோரும் வருவார்கள். தூர் வாருவது யார் முறை என்பதில்தான் பஞ்சாயத்து.

இத்தனைக்கும் புதுக்கோட்டை சாதாரண ஊர் இல்லை. தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அம்மன் காசு என்று சொந்தமாக நாணயமே அடித்த ஊர். 1948 மார்ச் 3-ம் தேதி இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. ஆனாலும், நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே தன் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி கிடைத்துவிட்டது.

ராஜா ஆண்ட ஊர்தானே, ஆளுங்கட்சிக்கு அடங்கிப் போகும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். முதல் தேர்தலில் காங்கிரஸை உட்கார வைத்துவிட்டு, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசுவை அனுப்பினார்கள். 1962-லும் 1967-லும் கம்யூனிஸ்ட் உமாநாத். பிறந்தது கேரளத்துக் காசர்கோட்டில், தொழிற்சங்கம் நடத்தியது திருச்சி பொன்மலையில். அரண்மனை இருக்கும் ஊரில் செங்கொடி! அப்புறம் தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ் என்று மாறி மாறி வாய்ப்பு. 1996-ல் திருச்சி சிவா. 1999-ல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்று தனிக்கட்சி கண்ட திருநாவுக்கரசர். 2004-ல் ரகுபதி. மொத்தம் 14 பொதுத்தேர்தல்கள். கடைசி இரண்டு பேரும் மத்திய இணை அமைச்சர்களாகவும் இருந்தவர்கள்.

அத்தோடு கதை முடிந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் போட்ட புதிய வரைபடம் 2008-ல் அமலுக்கு வந்தது. அதில் புதுக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதி இல்லை. 1974 பொங்கல் அன்று திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர், 2009 தேர்தலில் மறுபடி திருச்சிக்கே ஓட்டுப் போடப் போனது.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234. நாடாளுமன்றத் தொகுதிகள் 39. வகுத்தால் ஆறுக்கு ஒன்று. புதிய வரைபடப்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை சட்டமன்றத் தொகுதிகள்? மேலே சொன்ன ஊர்களை எண்ணுங்கள். சரியாக ஆறு! அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

சரி, ஜனத்தொகை இடித்ததோ? 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் சுமார் 6 கோடியே 24 லட்சம். ஒரு எம்.பி.க்குச் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டம் 14 லட்சத்து 60 ஆயிரத்தை ஒட்டி. சராசரிக்குக் கொஞ்சம்தான் கம்மி. அப்படியே கோடு போட்டிருந்தால் ஒரு மாவட்டம், ஒரு தொகுதி என்று முடிந்திருக்கும்.

உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தொகுதியைத் திருப்பிக் கொடு என்று கிளம்பினார்கள். 2009-ல் '49 ஓ' போடச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. அப்போது இயந்திரத்தில் நோட்டா பட்டன் கிடையாது. அது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் வந்தது. வாக்குச்சாவடி அதிகாரியிடம், 'நான் யாருக்கும் போடலை' என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் துணிந்து போட்டார்கள். அந்தத் தேர்தலில் திருச்சியில் காங்கிரஸ் சார்பில் நின்றவர் யார் தெரியுமா? புதுக்கோட்டை அரச குடும்பத்து மருமகள் சாருபாலா தொண்டைமான். அ.தி.மு.க.வின் ப.குமாரிடம் அவர் தோற்றது நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில்!

அறந்தாங்கி அரசியல்வாதியான திருநாவுக்கரசருக்கும் சொந்தத் தொகுதி போய்விட்டது. ராமநாதபுரத்தில் இரண்டு முறை நின்று தோற்று, 2019-ல் திருச்சியில் ஜெயித்தார். தலைவர்கள் இப்படித் தொகுதி மாறிப் பிழைத்துக்கொள்வார்கள். ஜனங்கள் எங்கே மாறுவது?

இதில் நஷ்டம் பணம் இல்லை. எம்.பி. நிதி ஆறு சட்டமன்றத் தொகுதிக்குச் சேர வேண்டியது. நாலு எம்.பி.யிடமிருந்து வரும் ஆறு பங்கையும் கூட்டினால், பேப்பரில் கணக்கு டேலி ஆகிவிடும். நஷ்டம் வேறு இடத்தில். திருச்சியில் ஆறில் இரண்டு பங்கு, சிவகங்கையில் இரண்டு, ராமநாதபுரத்தில் ஒன்று, கரூரில் ஒன்று. நாலு கம்பெனியில் ஷேர் இருக்கிறது, ஒன்றில்கூடப் பாதி கையில் இல்லை. ரயில் வேண்டும் என்றாலும், காவிரி-குண்டாறு கால்வாயைச் சீக்கிரம் வெட்டு என்றாலும், 'இதைச் செய்யாவிட்டால் தோற்றுவிடுவோம்' என்று பயப்பட வேண்டிய எம்.பி. ஒருத்தர் வேண்டும். நாலு பேரில் யார் அந்த ஒருத்தர்?

2025 மார்ச் 22-ம் தேதி சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி, மறுவரையறையில் எங்கள் குரல் குறைந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டார்கள். நியாயமான கவலை. ஆனால், எண்ணிக்கை குறையாமலேயே குரல் தொலையும் என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. தமிழ்நாட்டுக்கு அன்றைக்கும் 39, அடுத்தும் 39. நடுவில் ஓர் ஊர் மட்டும் காணாமல் போனது.

மறுவரையறை ஆணையம் கோடு போடுவதற்கு முன்னால் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்கும். அதைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று நீங்களே விரல் வைத்துத் தேடுங்கள். கோடு போட்ட பிறகு அழித்து எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்கள் சொல்வார்கள்.