ராஜாளியின் பழைய பறவை

தணிகைமலையில் 365 படி ஏறி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தெற்குப் பக்கம் பார்த்தால், கரும்பும் நெல்லும் வேர்க்கடலையுமாய் விரிந்த வயல்களுக்கு அப்பால் அரக்கோணம். ரயிலில் போனால் சுமார் 13 கி.மீ. அங்குதான் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. கடல் கண்ணில் படாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கிராமக் கூட்டங்களில் என்னிடம் கேட்காத விவசாயிகள் குறைவு. விதைநேர்த்தி பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் இரைச்சல் வந்தால் பேச்சை நிறுத்தி, அது போனபிறகுதான் தொடர வேண்டியிருக்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட பழைய ஓடுதளம் அது. 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைக் கடற்படைத் தளமாகத் தொடங்கி வைத்தார். ஓடுபாதை மட்டும் 4 கி.மீ.க்கு மேல். கடற்கரை நமக்குத்தான் தூரம், விமானத்துக்குச் சில நிமிடம்.

அங்கே கால் நூற்றாண்டு இருந்தது ரஷ்யத் தயாரிப்பான டியூ-142. ஆழ்கடலில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம். நம் வயல்களுக்கு மேல் பறந்த அதை நாம் கிட்டத்தில் பார்த்ததில்லை. தளத்துக்குள் நினைத்தபோது போய்ப் பார்க்கவும் முடியாது. 2017 மார்ச் 29 அன்று அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். ஒன்று மட்டும் அரக்கோணத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போய், அங்கே பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ராமகிருஷ்ணா கடற்கரையில் மறுபடி பூட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

அருகில் நின்றதும் எனக்கு நிலக் கணக்குதான் ஓடியது. நீளம் 53 மீட்டர், இறக்கை விரிப்பு 50 மீட்டர். அதைச் சுற்றி ஒரு வரப்புப் போட்டால் உள்ளே 66 சென்ட் அடங்கும். முழுப் பாரத்தோடு கிளம்பும்போது எடை 185 டன் வரை, ஏறக்குறைய பத்து லாரிக் கரும்பு! நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். நம் 45 குதிரைத்திறன் டிராக்டர் 1,300-க்கு மேல் சேர்ந்தால்தான் அந்த இழுப்பு. ஒவ்வொரு இன்ஜினிலும் இரண்டு விசிறிகள், ஒன்று இப்படிச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். முன் விசிறி கலக்கிய காற்றைப் பின் விசிறி வெட்டும். அதிலிருந்து வந்ததுதான் நம் கூட்டங்களை நிறுத்திய இரைச்சல்.

காட்சிக்கூடத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தியது உருளை வடிவக் கருவி ஒன்று. விமானத்திலிருந்து பாராசூட்டில் போட்டால் கடலில் மிதக்கும், ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கும், கேட்டதை ரேடியோவில் மேலே அனுப்பும். வயலில் நட்டுவைக்கும் மண் ஈரமானியைப் போலத்தான், இது கேட்பது நீர்மூழ்கியின் சத்தத்தை. 29 ஆண்டில் 30,000 மணி நேரம் இந்த விமானங்கள் விபத்தில்லாமல் பறந்திருக்கின்றன. பராமரிப்புக் குறிப்பேடு வைக்காமல் டிராக்டர் ஓட்டுகிறவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது.

டியூ-142 போனாலும் ராஜாளி ஓயவில்லை. பி-8ஐ ஜெட் விமானங்கள் அங்கிருந்துதான் பறக்கின்றன, ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் அங்கே பயிற்சி நடக்கிறது. அரக்கோணம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதில் இரண்டு காரியம் உண்டு. முதலாவது, மருந்து தெளிக்கும் ட்ரோன். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. வாடகை ட்ரோன்காரர் 'ஒன்றும் ஆகாது' என்று சொன்னால் நம்பாதீர்கள். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் சர்வே எண் இருக்கும் இடத்தை அவரையே காட்டச் சொல்லுங்கள். சிவப்பில் இருந்தால் விசைத்தெளிப்பான்தான்.

இரண்டாவது, பறவை. உழவு ஓட்டும்போது கொக்கு பின்னால் வருவது நமக்கு நல்லது, புழுவைத் தின்னும். ஆனால் கோழிக் கழிவையும் செத்த மாட்டையும் ஏரிக்கரையில் போட்டால் பருந்தும் காகமும் கூடி மேலே வட்டமிடும். அதில் ஒன்று இன்ஜினுக்குள் போனால் ஆபத்து உள்ளே இருப்பவர்களுக்கு. விமானத்தளத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் பறவைகளை ஈர்க்கும் கழிவு கொட்டுவதை விமான விதிகளே தடுக்கின்றன. ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அரை நாள் வேலை.

விசாகப்பட்டினம் போக நினைப்பவர்கள் ரேணிகுண்டா போய் ரயில் பிடிக்கலாம், ஓர் இரவுப் பயணம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் மணலில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கியும் காட்சிக்கு இருக்கிறது. அதற்குள் குனிந்துதான் நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் விமானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.