ஒயர் சுருட்டும் வித்தை

நியூயார்க் நகரத்து டிலான்சி வீதியில் உள்ள பவரி பால்ரூம் என்னும் மண்டபம், 1929-இல் பங்குச் சந்தை சரிந்து அமெரிக்க தேசம் தலையிற் கைவைத்து உட்காருவதற்குச் சற்று முன்னர்க் கட்டி முடிக்கப்பெற்று, நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்து, பின்பு செருப்புக் கடைகளுக்கு இடங்கொடுத்து, 1998 முதல் சங்கீத சாலையாக விளங்கி வருவது. யூதர்களின் ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவுகளிலும் யோ லா டெங்கோ என்ற மூவர் குழு அங்கே பாடுவதும், வசூலைத் தர்ம காரியங்களுக்கு அளிப்பதும் வழக்கம். 2001-இல் ஹட்ஸன் நதிக்கு அக்கரையிலுள்ள ஹோபோகனில், மேக்ஸ்வெல்ஸ் என்ற சிறு விடுதியில் தொடங்கிய இவ்வைபவம், 2013-இல் அவ்விடுதி மூடப்பட்டபின் சிலகாலம் தடைப்பட்டு, 2017-இல் பவரிக்குக் குடிபெயர்ந்தது.

1984-இல் ஐரா கேப்ளனும் ஜார்ஜியா ஹப்ளியும் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் மெக்நியூ வந்து சேர்ந்த இக்குழுவின் இசைத்தட்டுகளை நெடுநாளாகக் கேட்டு வந்தவன் நான். ஆயினும், மேடை வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் தயவால் பிற்பகலிலேயே மண்டபத்துள் பிரவேசிக்கும் பாக்கியம் கிட்டியபோது, என் கண்கள் பாடகர்களைத் தேடாமல், கறுப்பு உடையும் இடுப்பில் டார்ச் விளக்குமாகத் திரிந்த பணியாளர்களின் கைகளிலேயே நிலைத்துவிட்டன.

முதலில் ஒயர் சுருட்டுவதைச் சொல்ல வேண்டும். முழங்கையில் வரிந்து சுற்றுவதுதான் நாம் அறிந்த முறை. அப்படிச் சுற்றினால் உள்ளிருக்கும் செப்பு இழைகள் முறுக்கேறி, நாளடைவில் அறுந்து, கச்சேரி நடுவே ஒலி நின்றுபோகும். இவர்களோ ஒரு வளையத்தை மேற்புறமாகவும் அடுத்ததை விரல்களைத் திருப்பி உட்புறமாகவும் மாற்றி மாற்றி இடுகிறார்கள்; ஒரு முறுக்கை மற்றொன்று தீர்த்துவிடுவதால், முனையைப் பிடித்து வீசியதும் ஒயர் சிக்கின்றி மேடையின் மறுகோடிவரை ஓடி விரிகிறது. கண்கள் வேறெங்கோ பார்த்திருக்க, வாய் யாருடனோ பேசியிருக்க, விரல்கள் மட்டும் தம் போக்கில் இதைச் செய்தன. நண்பர் எனக்குக் கற்பிக்க முயன்று, நான் ஆக்கிய கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த ஒயரை என் கையிலிருந்து வாங்கி அவிழ்த்தார்.

அடுத்து, ஜார்ஜியா அம்மையாரின் மைக். அவர் டிரம் வாசித்துக்கொண்டே பாடுபவர். குரலோ காதருகே ரகசியம் சொல்வதுபோல் மெல்லியது. குரலை வாங்கும் மைக் பக்கத்திலுள்ள வெண்கலத் தாளத்தையும் சேர்த்தே வாங்குமாதலால், குரலை உயர்த்தினால் தாளமும் உயர்ந்து அதனை விழுங்கிவிடும். ஒலிப்பொறியாளர், பின்புறத்து ஓசையை ஏற்காத மைக் ஒன்றைத் தேர்ந்து, அதன் முதுகு தாளத்தை நோக்கும்படி விரற்கடை விரற்கடையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் கூடத்தின் பின்கோடிக்கு நடந்து சென்று கேட்டுத் திரும்பினார். இவ்வளவு செய்தும், ஏறத்தாழ 575 பேர் வந்து நிறைந்தபின் அவர்களுடைய உடல்களும் கம்பளி உடைகளும் மேல்ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிவிடுமாகையால், முதற் பாட்டிலேயே கணக்கை மறுபடி போட நேருகிறது.

நம் சபைகளில் மைக் கூவினால் வித்துவான் முகஞ்சுளிப்பார். இங்கே ஐரா கேப்ளன் அக்கூவலையே வாத்தியமாக்கிக்கொள்கிறார். கிதாரை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே ஏந்தும்போது, பெட்டியின் நாதம் கம்பிகளை அதிரச் செய்ய, அவ்வதிர்வு மீண்டும் பெட்டியுட் புகுந்து பெருகி, மீட்டாமலே நீடித்து ஒலிக்கிறது. அரையடி விலகினாலும் சற்றே சாய்ந்தாலும் ஸ்வரம் மாறிவிடும். வெறும் கூச்சல் என்று தள்ளுவோர் அந்தக் கால்களின் கணக்கைக் கவனிக்க வேண்டும். எனினும் அன்றைய கடைசி உருப்படி தன் எல்லைக்கு அப்பாலும் சிறிது இழுக்கப்பட்டது என்பதே என் அபிப்பிராயம். அவ்வேளையில் பின்னாலிருந்த பொறியாளர் விசைகளைத் தொடவே இல்லை. சிறிய மண்டபத்தில் கிதார் பெட்டியிலிருந்தே நேரே செவிக்கு வந்துவிடுவதால், அதன்மேல் தம் கைவரிசையைக் காட்டாதிருக்கவும் அவருக்கு அப்பியாசம் வேண்டியிருந்தது.

எட்டு இரவும் ஒரே மேடையென்பதால், ஒவ்வோர் இரவும் பெட்டிகளைச் சுமந்து லாரியேற்றும் சிரமம் இல்லை. ஆனால் தொடக்கத்தில் வாசிக்கும் விருந்தினர் இரவுக்கிரவு மாறுவர். அவர்களுடைய உபகரணங்கள் அகற்றப்பட்டு, தரையில் ஒட்டிய துணி நாடாக்களின் அடையாளத்தைக் கொண்டு டிரம்மின் ஒவ்வொரு காலும் பழைய இடத்திற்கே திரும்ப வேண்டும். அவகாசமோ அரைமணிக்கும் குறைவு. இத்தனை நுட்பம் வேண்டும் இத்தொழிலில் நிரந்தர உத்தியோகம் உடையோர் சிலரே. நண்பரைப்போன்ற பலர் அன்றன்றைக்கு வேலை பார்த்து அன்றன்றைக்குக் கூலி பெறுவோர். தர்ம காரியத்துக்கு வசூல் செய்யும் இரவிலும் இவர்கள் கூலி குறைக்கப்படலாகாது என்று நான் சொன்னபோது, அவர் அதனை ஒரு விவாதத்துக்குரிய விஷயமாகவே கருதவில்லை.

இத்தகைய கச்சேரிக்குச் செல்லும் வாசகர், மேடையோரம் இடம்பிடிக்க முண்டியடிக்காமல், கூடத்தின் பின்புறம் ஒலி மேஜைக்கு அருகே நிற்பது நன்று. பொறியாளர் தம் செவிக்கு இசைய அமைக்கும் ஒலி அவ்விடத்திலேதான் முழுமையாகக் கேட்கும். நூறு டெசிபலில் கால்மணி நேரத்துக்கு மேல் செவிக்குக் கேடு என்று அமெரிக்கத் தொழிற் சுகாதார நிபுணர்கள் வரையறுத்திருப்பதால், காதடைப்பான் ஒரு ஜோடியும் மறவாமல் கொண்டுசெல்லுங்கள்.